வைட் லென்ஸ்: ஒப்பிட்டு வாங்குவதும் ஃபோகஸ் தவறினால் கண்டுபிடிப்பதும்

பினாங்கு குயின் ஸ்திரீட்டில், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கு எதிரே நின்று, கோபுரம், பக்கத்து மாலைக்கடை, தெருவில் போகிற ஆள் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின்னால் போக இடமில்லை. முதுகு சுவரில் முட்டுகிறது, கேமராவோடு வந்த கிட் லென்ஸ் 18 மி.மீ.யோடு நின்றுவிடுகிறது. அகலமாகப் பார்க்கும் வைட் லென்ஸ் வாங்கும் ஆசை பெரும்பாலும் இப்படி ஓர் இடத்தில்தான் வருகிறது. வாங்கிய கொஞ்ச நாளில் அடுத்த புலம்பல்: "லென்ஸ் ஷார்ப்பாகவே இல்லை."

அந்தப் புலம்பலில் பெரும்பகுதிக்கு லென்ஸ் பொறுப்பில்லை என்பது என் கணிப்பு. ஃபோகஸ் வேறெங்கோ விழுந்திருக்கும். வைட் லென்ஸில் அந்தத் தவறு கேமராவின் சின்னத் திரையில் தெரியாது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கும்போதுதான் பல்லிளிக்கும். ஃபோகஸ் சரியாக விழுந்ததா என்று பார்க்கத் தெரியாமல் இரண்டு லென்ஸை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சென்சாரைப் பாருங்கள்

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண் (சின்ன எண் என்றால் அகலமான பார்வை) மட்டும் போதாது, அது எந்த சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லில், உட்காரப்போகிறது என்பதும் வேண்டும். பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 16 மி.மீ. என்பது மூலைக்கு மூலை ஏறக்குறைய 107 டிகிரி. நம்மில் பலர் கையில் இருப்பது அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார். நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் எண்ணை 1.5-ஆல் பெருக்குங்கள், கேனன் என்றால் 1.6-ஆல். ஆக, 10 மி.மீ. லென்ஸ் 15 அல்லது 16 மி.மீ. போலப் பார்க்கும். இன்னும் சின்ன சென்சார் உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் இரண்டால் பெருக்க வேண்டும்.

வைட் பக்கத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விலை உண்டு. 50-க்கும் 52-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரி அளவுதான், யாருக்கும் தெரியாது. 10-க்கும் 12-க்கும் வித்தியாசம் ஏபிஎஸ்-சியில் சுமார் 10 டிகிரி. கோபுரத்தின் கலசம் படத்துக்குள் வருமா, வெட்டுப்படுமா என்பதை அந்த 10 டிகிரிதான் முடிவு செய்யும்.

காசு கொடுக்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. இப்போதைய பல ஃபோன்களில் 0.5 என்று ஒரு கேமரா உண்டு. அது ஃபுல் ஃபிரேம் கணக்கில் ஏறக்குறைய 13 மி.மீ.; ஏபிஎஸ்-சியில் 10 மி.மீ. லென்ஸ் பார்ப்பதைவிடச் சற்றே அகலம். நீங்கள் எடுக்க ஆசைப்படும் இடங்களுக்கு அதோடு ஒரு நடை போய் வாருங்கள். லிட்டில் இந்தியா கடைத்தெரு, கடல்மேல் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டியின் பலகைப் பாதை, கோயில் மண்டபம். படத்தில் பாதி வெறும் வானமும் தார் ரோடுமாக வந்துகொண்டே இருந்தால், உங்களுக்கு 10 வேண்டாம். ஏபிஎஸ்-சியில் 16 மி.மீ. ஒன்று போதும், சின்னது, எடை குறைவு, தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். "நிறைய அடங்கும்" என்பதற்காக மட்டும் வைட் லென்ஸ் வாங்கினால் ஏமாற்றம்தான். அது கிட்டே இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதைச் சுருக்கிப் பின்னால் தள்ளும். சியூ ஜெட்டியில் நின்ற உயரத்தில் எடுத்தால் பலகையும் வீடும் கடலும் சப்பென்று கிடக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதல் பலகையின் ஆணித்தலை லென்ஸிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் வரும்படி எடுத்துப் பாருங்கள், பாதை முழுக்க ஓடிக் கடலில் போய்ச் சேரும். ஆளை எடுக்கும்போது ஓரத்தில் நிறுத்தாதீர்கள், முகம் இழுபட்டுவிடும். கல்யாண குரூப் போட்டோவில் கடைசியில் நிற்கும் அத்தை பிறகு உங்களோடு பேச மாட்டார்.

எந்த லென்ஸ்?

கேனன் டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர் உள்ள கேமரா, ஏபிஎஸ்-சி) வைத்திருப்பவருக்கு 2014-இல் வந்த 10-18 மி.மீ. எஃப் 4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம் என்பதற்கு மேல் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்; ஐஎஸ் கை நடுக்கத்தைச் சமாளிப்பது; எஸ்டிஎம் ஃபோகஸ் மோட்டாரின் வகை.) 240 கிராம், பிளாஸ்டிக் மவுண்ட், விலைக்கு மிஞ்சின ஷார்ப். நிக்கான்காரர்களுக்கு அதே இடத்தில் 2017-இல் வந்த ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20 மி.மீ. இருக்கிறது. ஆனால் எச்சரிக்கை: டி90, டி3100 போன்ற பழைய பாடிகளில் (லென்ஸ் நீங்கலான கேமரா) ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே செய்யாது. வாங்கும் முன் உங்கள் மாடலை நிக்கானின் பொருத்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

செகண்ட்ஹேண்ட் சந்தையில் அடிக்கடி கண்ணில் படுவது டோக்கினா 11-16 மி.மீ. எஃப் 2.8. கெட்டியான பொருள். ஆனால் நிக்கானுக்கு வந்த முதல் பதிப்பில் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசை பாடிகளில் போட்டால் கையால்தான் ஃபோகஸ். இரண்டாம் பதிப்பில் மோட்டார் உண்டு. விளம்பரத்தில் "டோக்கினா 11-16" என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உள்ளே மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் வந்தால் சோனி ஏபிஎஸ்-சிக்கு டாம்ரான் 11-20 எஃப் 2.8, 2023-இல் வந்த சிக்மா 10-18 எஃப் 2.8 இரண்டும் நல்லவை. சிக்மா கையில் எடுத்தால் இவ்வளவுதானா என்று தோன்றும் அளவுக்குச் சின்னது. ஃபியூஜிக்கு 10-24 எஃப் 4. கேனன் ஆர்எஃப் மவுண்டில் ஆர்எஃப்-எஸ் 10-18. கையால் ஃபோகஸ் செய்யப் பொறுமை உள்ளவருக்குச் சாம்யாங் 12 மி.மீ. எஃப் 2, காசுக்கு நல்ல மதிப்பு.

எஃப் 2.8-ஆ, ஐஎஸ் உள்ள எஃப் 4.5-ஆ? நீங்கள் எடுப்பது அசையுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குருக்களிடம் அனுமதி வாங்கி மண்டபத் தூண்களை எடுக்கிறீர்கள் என்றால் தூண் ஓடப்போவதில்லை. ஐஎஸ் இருந்தால் 1/8 நொடியில் கையில் வைத்தே எடுக்கலாம். தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்குக் காவடி ஆடுபவரை எடுக்க ஐஎஸ் ஒன்றுக்கும் உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தை நிறுத்தும், ஆடுகிறவரை நிறுத்தாது. அங்கே 1/250 நொடி வேண்டும். எஃப் 5.6-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 6400 கேட்கிற வெளிச்சத்தில் எஃப் 2.8 இருந்தால் 1600 போதும்.

கடையில் ஒப்பிடும் முறை

உங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் கொண்டு போங்கள். கடைக்குள் கண்ணாடி அலமாரியைப் படம் எடுத்து ஒன்றும் தெரியாது. தவுக்கேயிடம் (கடை முதலாளி) சொல்லிவிட்டு வாசல் அஞ்சடி நடைபாதைக்கு வாருங்கள். எதிர்ச் சாரியில் ஜன்னல் வரிசையோடு நிற்கும் பழைய கடைவீடுகளைவிட நல்ல சோதனைப் பலகை கிடைக்காது: நேர்கோடு, நுணுக்கமான பலகணி, மூலைவரை விவரம்.

கட்டடத்துக்கு நேராக, சாய்வில்லாமல் நின்று, தூணில் சாய்ந்துகொள்ளுங்கள். காட்சியைத் திரையிலேயே காட்டும் லைவ் வியூவைப் போட்டு, நடு ஜன்னலைப் பெரிதாக்கி, அதில் ஃபோகஸ் வையுங்கள். ஃபோகஸ் விழுந்ததும் சுவிட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளுங்கள், இனி அது அசையக் கூடாது. அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) முழுக்கத் திறந்து ஒரு படம், எஃப் 8-இல் ஒரு படம். அடுத்த லென்ஸுக்கும் அதே இடம், அதே ஜன்னல். இரண்டு ஜூம்களை ஒப்பிடும்போது ஒரே கோணத்தில் வையுங்கள். ஒன்றை 10-இலும் மற்றதை 14-இலும் எடுத்து மூலையைப் பார்ப்பது நியாயமில்லை.

பிறகு திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி நான்கு மூலையையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கல், எஃப் 8-இல் தேறுகிறது என்றால் அது வைட் லென்ஸின் இயல்பு, கவலை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் உள்ளே கண்ணாடி நடுவிலிருந்து விலகியிருக்கலாம். அல்லது நீங்கள் கோணலாக நின்றிருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு: கட்டடத்தின் இடது பக்கம் மங்கலாக வந்ததா? கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே ஃபோகஸில் இன்னொரு படம் எடுங்கள். இப்போது கட்டடத்தின் வலது பக்கம் மங்கினால் குற்றம் லென்ஸில். மறுபடியும் இடது பக்கமே மங்கினால் நின்ற கோணத்தில்தான் கோளாறு. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அப்புறம் கடை விளம்பர விளக்கு ஒன்றை மூலையில் வைத்து ஒரு படம். புள்ளி புள்ளியாக ஒளிச் சிதறல் எவ்வளவு வருகிறது என்று தெரிந்துவிடும். கோயில் விளக்கு, தீபம் எடுப்பவர்களுக்கு மூலை ஷார்ப்பைவிட இது முக்கியம். முன்னால் மலிவு யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். விளக்கு படத்தில் வேறெங்கோ பச்சைப் பேயாக, பொய்ப் புள்ளியாக விழுவது பாதி அதன் வேலை. தைப்பூச ரத ஊர்வலத்தில் மட்டும் ஃபில்டரை நான் கழற்றச் சொல்ல மாட்டேன். ரோட்டில் மலையாகக் குவித்த தேங்காய்களை உடைக்கும்போது இளநீர் எங்கிருந்து தெறிக்கும் என்று தெரியாது.

செகண்ட்ஹேண்ட் லென்ஸ் என்றால் பின்மூடியைக் கழற்றி, அப்பர்ச்சரைத் திறந்து, ஃபோன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல வெள்ளையாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. இந்த ஊர் ஈரத்தில் அது சாதாரணம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், உங்கள் மற்ற லென்ஸ்களையும் அதே பையில்தானே வைக்கப்போகிறீர்கள்.

படம் மங்கல்: எங்கிருந்து தொடங்குவது?

மங்கலான படத்தைப் பெரிதாக்கி, அதில் எங்காவது ஓரிடம் ஷார்ப்பாக இருக்கிறதா என்று தேடுங்கள். ஆள் மங்கல், பின்னால் உள்ள சுவர் பளிச் என்றால் ஃபோகஸ் தவறு. எல்லாமே ஒரே திசையில் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் கை ஆட்டம்; ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். கேமரா டிரைபாடில் இருந்தும் இப்படி வந்தால் ஐஎஸ்ஸை அணைத்துப் பாருங்கள். சுவர் ஷார்ப், நடந்தவர் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் நகர்ந்திருக்கிறார், ஃபோகஸில் குறையில்லை. படம் முழுக்கப் பால் ஊற்றியதாக வெளிறியிருந்தால் லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள்.

அந்தக் கடைசி வகை இங்கே ரொம்பச் சகஜம். குளிர்சாதன அறையில் இரவு முழுக்க இருந்த கேமராவை எடுத்துக்கொண்டு நேராக வெளியே வந்தால் கண்ணாடியில் நீராவி படியும். துடைப்பீர்கள், அடுத்த நிமிடம் மறுபடியும் படியும். உள்ளே படிந்ததைத் துடைக்கவும் முடியாது. அந்த நிலையில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், பிடிக்க ஒரு விளிம்பு இல்லாததால். வெளியே கிளம்பும் முன் கேமராவை ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் மூடி, வெளிச் சூட்டுக்கு வரும்வரை 20, 30 நிமிடம் திறக்காமல் வையுங்கள். நீராவி பையின் வெளியில் படியும். ஏற்கெனவே படிந்துவிட்டதா, காத்திருங்கள். அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றினால் சென்சாரிலும் படியும். புகைமூட்ட நாளில் பினாங்குக் கொடிமலையிலிருந்து ஊரை எடுக்கும்போதும் ஃபோகஸ் இப்படித்தான் தடுமாறும். அன்று கிட்டே உள்ள ஏதாவது ஒரு கட்டட விளிம்பில் பிடியுங்கள்.

வியூஃபைண்டரில் பார்த்தால் மங்கல், எடுத்த படம் நன்றாக இருக்கிறது என்றால் கேமராவில் கோளாறே இல்லை. கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. உள்ளே தெரியும் எண்கள் பளிச் என்று ஆகும்வரை அதைத் திருப்புங்கள். பையில் போட்டு எடுக்கும்போது அது தானாக நகர்ந்துவிடும். லென்ஸின் பக்கத்தில் உள்ள ஏஎஃப்-எம்எஃப் சுவிட்சும் அப்படித்தான்.

ஃபோகஸ் தவறு என்று உறுதியானால் முதல் சந்தேகம் ஆட்டோ ஏரியா. எங்கே ஃபோகஸ் வைக்க வேண்டும் என்று கேமராவிடமே விட்டால், பெரும்பாலும் கிட்டே இருப்பதைப் பிடிக்கும். மாலைக்கடையில் முன்னால் தொங்கும் மல்லிகைச் சரம் ஷார்ப், பின்னால் பூக் கட்டும் அக்கா மங்கல் என்று வருவது இதனால்தான். சிங்கிள் பாயிண்டுக்கு மாற்றி, நீங்களே புள்ளியை நகர்த்துங்கள். வைட் லென்ஸில் இன்னொரு சிக்கல்: ஆள் சின்னதாகத் தெரிவதால் ஃபோகஸ் கட்டம் அவரைவிடப் பெரிதாக இருக்கும். கட்டத்துக்குள் அவர் முகமும் வரும், பின்னால் உள்ள கடைப் பலகையின் எழுத்தும் வரும். எழுத்தில் விளிம்பு அதிகம், கேமரா அதைப் பிடித்துவிடும். கட்டத்தின் அளவைக் குறையுங்கள், அல்லது ஒரு அடி முன்னால் போங்கள். மிரர்லெஸ் என்றால் கண் கண்டறியும் வசதியைப் போடுங்கள், முகம் ரொம்பச் சின்னதாக இல்லாதவரை அது தன் வேலையைச் செய்யும்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பி ஆளை ஓரத்துக்கு நகர்த்தும் பழக்கம் பலருக்கு உண்டு. 50 மி.மீ.யில் கொஞ்சம்தான் திருப்புவீர்கள், வைட் லென்ஸில் 40 டிகிரிகூடத் திருப்ப வேண்டிவரும். ஒரு மீட்டரில் உள்ள முகத்தில் பிடித்து 40 டிகிரி திருப்பினால், ஃபோகஸ் தளம் முகத்துக்குப் பின்னால் 20 செ.மீ.க்கு மேல் போய்விடும். ஏபிஎஸ்-சியில் 11 மி.மீ. எஃப் 2.8 என்றால் எப்படியோ தப்பிக்கலாம். ஃபுல் ஃபிரேமில் 20 மி.மீ. எஃப் 1.8 என்றால் தப்பாது. புள்ளியை ஓரத்துக்கு நகர்த்திப் பிடிப்பதுதான் வழி.

இருட்டில் கேமரா எதையும் பிடிக்காமல் தேடினால், அதற்குக் கோடு ஒன்றைக் காட்டுங்கள்: வேட்டிக் கரை, தூணின் விளிம்பு, விளக்குத் தண்டு. வெறும் சுவரையோ கறுத்த விக்கிரகத்தின் கன்னத்தையோ காட்டிப் பயனில்லை.

ஆட்டோஃபோகஸே வேண்டாம் என்று வைக்கும் நேரம்

தைப்பூசத்துக்கு முந்தின நாளான செட்டிப் பூசத்தன்று விடிவதற்கு முன் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து நகரத்தார் வெள்ளி ரதம் தண்ணீர்மலைப் பக்கம் புறப்படும். இருட்டு, கூட்டம், ரதத்தின் விளக்குகள், நடுவில் உயரும் ஃபோன்கள். ஆட்டோஃபோகஸ் ஒவ்வொரு முறையும் யாருடைய கையையாவது பிடிக்கும். வைட் லென்ஸின் பெரிய வசதி இங்கேதான் கை கொடுக்கிறது. ஏபிஎஸ்-சியில் 11 மி.மீ. எஃப் 2.8 வைத்து, 2.2 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் சுமார் 1.1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஏற்கும்படி ஷார்ப்பாக இருக்கும். பகலில் 10 மி.மீ. எஃப் 8 என்றால் 65 செ.மீ.யில் வைத்தால் போதும், ஒரு முழத்துக்கும் கிட்டே இருந்து எல்லாம் வந்துவிடும். ஃபுல் ஃபிரேமில் 16 மி.மீ. எஃப் 8-க்கு அந்தத் தூரம் ஒரு மீட்டர் சொச்சம்.

செய்முறை எளிது. வெளிச்சம் உள்ள இடத்தில் அந்தத் தூரத்தில் நண்பரை நிறுத்தி, ஆட்டோஃபோகஸில் பிடித்து, சுவிட்சை எம்எஃப்-க்குத் தள்ளி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஜூமைத் தொடாதீர்கள். மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில் இயங்குவது, கேமராவை அணைத்தால் இடம் மாறிவிடலாம். டேப் ஒட்டியும் பயனில்லை. அணைத்துப் போட்ட ஒவ்வொரு முறையும் திரும்பப் பாருங்கள். இந்தக் கணக்கு சாதாரண அளவில் பார்க்கும் படத்துக்கு. பெரிய பிரிண்ட் போட்டுத் தூரத்துக் கட்டடம் பளிச் என்று வேண்டுமென்றால் ஃபோகஸை இன்னும் தள்ளி வைக்க வேண்டும். எஃப் 16, 22 என்று அப்பர்ச்சரை ஒடுக்குவது உதவாது. ஏபிஎஸ்-சியில் எஃப் 11-க்கு மேல் போனால் படம் முழுக்கவே கொஞ்சம் மென்மையாகிவிடும்.

இரவில் எதிரே பட்டர்வொர்த் கரையின் விளக்குகளை எடுக்க, வளையத்தைக் கடைசிவரை திருப்பி விடுபவர்கள் உண்டு. பல லென்ஸ்கள் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். தூர விளக்கு ஒன்றை லைவ் வியூவில் பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

எல்லாம் பார்த்தும் தவறினால்

டிஎஸ்எல்ஆரில் மட்டும் வரும் ஒரு கோளாறு மிச்சம் இருக்கிறது. வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் பிடிக்கும்போது தனி சென்சார் ஒன்று கணக்குப் போடுகிறது. அதற்கும் படம் எடுக்கும் சென்சாருக்கும் இடையே சிறு பிசகு இருந்தால், எப்போதும் சற்று முன்னாலோ பின்னாலோ விழும். மேசை மேல் ஐந்து பேட்டரிகளைச் சாய்வு வரிசையில் நிறுத்தி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, லென்ஸ் அனுமதிக்கும் அளவு கிட்டே போய், நடு பேட்டரியில் ஃபோகஸ் வைத்துச் சில படங்கள் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிடுங்கள். பிறகு லைவ் வியூவில் அதையே செய்யுங்கள். லைவ் வியூவில் நடு பேட்டரி ஷார்ப், வியூஃபைண்டரில் எப்போதும் பின் பேட்டரி ஷார்ப் என்றால் பிசகு உறுதி. ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால் என்று மாறி மாறி வந்தால் அது இந்தக் கோளாறு இல்லை.

நடுத்தர, உயர்தர பாடிகளின் மெனுவில் இதைத் திருத்த வசதி உண்டு. கேனனில் ஏஎஃப் மைக்ரோஅட்ஜஸ்ட்மெண்ட், நிக்கானில் ஏஎஃப் ஃபைன் டியூன். கிட்டே பார்த்துத் திருத்திவிட்டு நிறுத்தாதீர்கள், மூன்று நான்கு மீட்டரிலும் ஒருமுறை சோதியுங்கள். வைட் லென்ஸில் கிட்டேயும் தூரத்திலும் பிசகு வேறு வேறாக இருப்பதுண்டு. அப்படி இருந்தால் உங்களுக்கு அதிகம் பயன்படும் தூரத்துக்குத் திருத்துங்கள். தொடக்கநிலை பாடிகள் பெரும்பாலானவற்றில் இந்த மெனுவே கிடையாது. அவர்களுக்கு இரண்டு வழி: முக்கியமான படத்தை லைவ் வியூவில் எடுப்பது, அல்லது சர்வீஸுக்குக் கொடுப்பது. சர்வீஸுக்குப் போகும்போது லென்ஸை மட்டும் கொடுக்காமல் பாடியையும் சேர்த்துக் கொடுங்கள்; பேட்டரி வரிசைப் படங்களைத் திருத்தாமல், வெட்டாமல் ஒரு கார்டில் போட்டு, எது வியூஃபைண்டர், எது லைவ் வியூ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.